பழைய கணக்கு டேட்டாபேஸ் கரப்ட் ஆகியிருக்கிறதா? கம்பம், போடி, குமுளிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். கூடலூர், போடி, மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு வரைக்கும் போய்வருவேன். ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்கிற கடைகளில் இருபது வருடத்துக்கு மேற்பட்ட கணக்கு இன்னும் ஃபாக்ஸ்புரோ, அக்சஸ் என்ற பழைய டேட்டாபேஸ் புரோகிராம்களில் கிடக்கிறது. தோட்டம் பாகப்பிரிவினைக்கு வந்தாலோ பழைய பாக்கி வழக்குக்குப் போனாலோதான் அதன் நினைப்பே வருகிறது. அப்போது என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

ஃபைல் திறக்கிறது, பட்டியலும் பிரிண்ட் ஆகிறது. அப்புறம் எதற்குப் பரிசோதனை?

இதைத்தான் முதலில் கேட்பார்கள். "அண்ணே, திறக்குதே, அப்புறம் என்ன?" என்று.

புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போது முழுவதையும் படித்துப் பார்ப்பதில்லை. தலைப்பகுதியைப் படிக்கும், நீங்கள் கேட்ட பில்லைக் காட்டும், அவ்வளவுதான். 2003ஆம் வருடத்து வரிசை (ஒரு பில்லின் பதிவு) ஒன்று உடைந்து கிடந்தால், யாராவது அதைக் கேட்கும் வரை அதற்கு ஒன்றும் தெரியாது.

ஒரு கடையில் தினமும் பில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் தன் பழைய பற்றுவரவைக் கேட்டார். எடுத்துப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு எல்லாக் களங்களும் (பெயர், எடை, விலை என்று பிரித்த கட்டங்கள்) ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்திருந்தன. பெயரின் முதல் எழுத்து முந்தைய களத்தின் கடைசியில் ஒட்டியிருந்தது. எடையில் 42.500 இருக்க வேண்டிய இடத்தில் 2.500, அதன் பின்னால் விலையின் முதல் எண். நடுவில் ஒரே ஒரு பைட், அதாவது ஓர் எழுத்துக்கான இடம், காணாமல் போயிருக்கிறது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான வரிசைகள் தப்பாகவே நின்றன. அத்தனை நாளும் ஃபைல் திறந்துகொண்டுதான் இருந்தது.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

படியெடுக்க வேண்டும். புரோகிராமைத் திறப்பதற்கும் முன்னால். பல பழைய புரோகிராம்கள் திறந்த உடனே இன்டெக்ஸை (தேடுவதற்கான பட்டியலை) புதுப்பிக்கும், தலைப்பகுதியில் தேதியை மாற்றும். கெட்ட ஃபைலில் இன்னொரு எழுத்து எழுதுவது புண்ணைக் கீறுவது மாதிரி.

எல்லாரும் புரோகிராமை விட்டு வெளியே வந்த பிறகு, ஃபோல்டரை முழுதாக எடுங்கள். ஃபைல் ஒன்றை மட்டும் எடுத்தால் மெமோ ஃபைல் விட்டுப்போகும். சரக்கின் குறிப்பு, முகவரி எல்லாம் அதில்தான் இருக்கும். எடுத்த பிறகு மூல ஃபைலுக்கும் படியெடுத்த ஃபைலுக்கும் ஹேஷ் எண் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) போட்டு ஒப்பிடுங்கள். அதற்கு விண்டோஸ் 7 முதல் செர்ட்யூட்டில் என்ற கட்டளை கூடவே வருகிறது. இரண்டு எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் அது படி. அந்தப் படியிலிருந்து இன்னொரு படி எடுத்து, வேலையை இரண்டாவதில் செய்யுங்கள்.

டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால், அல்லது படிக்கும்போது நின்று நின்று போனால், உடனே நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையைத் திருத்தும் முறையில் ஓட்டவே கூடாது. அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும். உங்கள் கணக்கு என்ன ஆனாலும் அதற்கு அக்கறை கிடையாது. ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி வேறு பெயரில் போட்டுவிடும். முதலில் டிஸ்க்கை முழுமையாக இமேஜ் (அச்சு அசலான முழுப் பிரதி) எடுக்க வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உள்ளது. படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். முடியாத இடத்தைச் சுருக்கி ஒட்டாமல் காலியாகவே விட்டுவைக்கும், அதனால் வரிசை நகராது.

எங்கள் டேட்டா எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபைல் பெயரின் வாலைப் பாருங்கள். டிபிஎஃப் என்றால் டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ வகை. எம்டிபி என்றால் அக்சஸ். எம்டிஎஃப், எல்டிஎஃப் என்று ஜோடியாக இருந்தால் எஸ்கியூஎல் சர்வர். எஃப்ஆர்எம், எம்ஒய்டி, எம்ஒய்ஐ என்று மூன்றாக இருந்தால் பழைய மைஎஸ்கியூஎல்.

சில கடைகளில் ஒவ்வொரு நிதி ஆண்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒரு வருடம் நன்றாக இருப்பதால் அடுத்த வருடமும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஃபாக்ஸ்புரோ டிபிஎஃப் ஃபைலை எப்படிச் சோதிப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பக்கம் அதிகம் இருப்பது இதுதான். அதோடு, இதற்கு விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

டிபிஎஃப் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு தலைப்பகுதி உண்டு. எத்தனை வரிசை, ஒரு வரிசை எத்தனை பைட், தலைப்பகுதி எத்தனை பைட் என்று அதில் எழுதியிருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்களை எண்களாகக் காட்டும் கருவி) படியைத் திறந்து, எண்களைத் தசமத்தில் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் 12 பைட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

3, 104, 11, 6, 212, 83, 0, 0, 225, 1, 118, 0

முதல் 3, மெமோ இல்லாத டிபேஸ் வகை என்பதற்கு. 131 அல்லது 245 இருந்தால் மெமோ ஃபைல் கூட இருக்க வேண்டும். 48 இருந்தால் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. அடுத்த மூன்றும் கடைசியாக எழுதிய தேதி: 1900உடன் 104ஐக் கூட்டினால் 2004, நவம்பர் 6. சில புரோகிராம்கள் 104க்குப் பதில் வெறும் 4 என்று எழுதும், அது பிழையல்ல.

ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை வரிசை எண்ணிக்கை. சிறிய இடம் முதலில் வரும். 83ஐ 256ஆல் பெருக்கி 212ஐக் கூட்டினால் 21,460. அடுத்த இரண்டில் தலைப்பகுதியின் நீளம், 256 + 225 = 481. அதற்கடுத்த இரண்டில் ஒரு வரிசையின் நீளம், 118.

இங்கேயே ஒரு சோதனை செய்யலாம். தலைப்பகுதி என்பது 32 பைட், அதோடு ஒரு களத்துக்கு 32 பைட், கடைசியில் 1. இந்த டேபிளில் 14 களம் என்றால் 32 + 448 + 1 = 481. சரியாக வருகிறது. விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்றால் இதோடு 263 கூடும்.

இனி ஃபைலின் அளவு. 21,460 × 118 = 25,32,280. அதோடு 481, கடைசியில் ஃபைல் முடிவுக் குறி 1. மொத்தம் 25,32,762 பைட். அந்தக் கடைசி ஒரு பைட் மட்டும் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஆனால் ஃபைலின் உண்மையான அளவு 25,70,994 என்று காட்டினால்? 482ஐக் கழித்து 118ஆல் வகுத்தால் 21,784. தலைப்பகுதி சொல்வதைவிட 324 வரிசைகள் கூடுதலாக உள்ளே இருக்கின்றன. பில் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கும். வரிசைகள் டிஸ்க்குக்குப் போய்விட்டன, எண்ணிக்கையைத் திருத்தத்தான் நேரம் கிடைக்கவில்லை. புரோகிராமின் கண்ணுக்கு அந்த 324 பில்லும் தெரியாது. படியில் 212, 83 இருக்கும் இடத்தில் 24, 85 என்று மாற்றித் திறந்தால் தெரியும். ஆனால் அவை உண்மையான பில்தானா, வெறும் பூஜ்ஜியமும் குப்பையுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஃபைல் அளவு கணக்கைவிடக் குறைவாக இருந்தால், வால் வெட்டுப்பட்டிருக்கிறது. வகுத்தால் மீதி வந்தால், நடுவில் எங்கோ பைட் விழுந்திருக்கிறது அல்லது நுழைந்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரிசையின் முதல் பைட்டும் ஒன்று 32ஆக இருக்கும், அது உயிரோடு இருக்கிற வரிசை. அல்லது 42ஆக இருக்கும், அது அழித்ததாகக் குறித்த வரிசை. வேறு எண்ணுக்கு அங்கே வேலையில்லை. 481இல் தொடங்கி 118, 118ஆகத் தாண்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் முதன்முதலாக வேறு எண் வருகிறதோ, பெரும்பாலும் அதற்கு முந்தைய வரிசையில்தான் உடைப்பு. மேலே சொன்ன கடையில் இப்படித்தான் கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் ஒரு இடைவெளி எழுத்தைச் சேர்த்தவுடன் பின்னால் இருந்த அத்தனை வரிசையும் தன் இடத்துக்கு வந்து நின்றது. உடைந்த அந்த ஒரு வரிசையை மட்டும் பழைய பில் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினோம்.

பெயர் கொடுத்துத் தேடினால் வரவில்லை, பட்டியலில் மட்டும் இருக்கிறது. அழிந்துவிட்டதா?

இல்லை. இன்டெக்ஸ் கெட்டிருக்கிறது. என்டிஎக்ஸ், சிடிஎக்ஸ் ஃபைல்கள் புத்தகத்தின் பின்பக்க அகரவரிசைப் பட்டியல் மாதிரி, சரக்கு அதில் இல்லை. படியில் ரீஇன்டெக்ஸ் கொடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் இன்டெக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். அதற்கு எந்தக் களத்தின்மேல் இன்டெக்ஸ் இருந்தது என்று முன்பே குறித்து வையுங்கள்.

ஆனால் பேக் என்ற கட்டளையைக் கொடுக்காதீர்கள். 42 குறி போட்ட வரிசைகளை அது நிரந்தரமாகத் தூக்கிவிடும். உடைந்த ஃபைலில் நல்ல பில்லுக்கும் தவறுதலாக அந்தக் குறி விழுந்திருக்கலாம். பரிசோதனை முழுதும் முடியும் வரை பேக் வேண்டாம்.

அக்சஸ் எம்டிபி?

அளவைப் பாருங்கள். அக்சஸ் 2000 முதல் 2003 வரையிலான ஃபைல் 4,096 பைட் பக்கங்களால் ஆனது, 97 என்றால் 2,048. அளவு அதால் மீதியின்றி வகுபடாவிட்டால் ஃபைல் முழுதாக இல்லை. 2 ஜிபி வரம்பை நெருங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு டேபிளையும் கடைசி வரிசை வரை டெக்ஸ்ட் ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள். திரையில் உருட்டிப் பார்ப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு வரிசையையும் படித்தே தீர வேண்டும். எந்த வரிசையில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் மெமோ களம்தான் முதலில் உடையும். நீக்கப்பட்டது என்று எல்லாக் களத்திலும் காட்டுகிற வரிசையும் சம்பந்தமில்லாத சீன எழுத்துகளும் அதன் அடையாளம்.

காம்பாக்ட் அண்ட் ரிப்பேரைப் படியில் மட்டும் ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு டேபிளின் வரிசை எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஓட்டிய பின் மறுபடி எண்ணுங்கள். அது படிக்க முடியாததைத் தூக்கி எறிந்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லக்கூடியது. இன்னொன்று, அக்சஸ் 97 ஃபைலை அக்சஸ் 2013உம் அதற்குப் பிந்தையதும் திறக்காது. அது கரப்ட் அல்ல, பழைய பதிப்பு. 2010இல் திறந்து மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்கியூஎல் சர்வர் 2000இல் இருக்கிறது. என்ன செய்வது?

டேட்டாபேஸ் முழுவதையும் சோதிக்கும் டிபிசிசி செக்டிபி என்ற கட்டளைதான். தகவல் செய்திகள் வேண்டாம், பிழைகள் எல்லாம் வேண்டும் என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டி, வருவதை முழுவதும் சேமியுங்கள். 823, 824, 825 என்ற பிழை எண்கள் பதிவேட்டில் இருந்தால் டேட்டாபேஸை மட்டும் பார்க்காமல் டிஸ்க்கையும் பாருங்கள்.

2000இலிருந்து 2005க்கோ 2008க்கோ ஏற்றிய டேட்டாபேஸில் பலரும் தவறவிடுவது இரண்டு. களத்தின் மதிப்பு அந்த வகைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் டேட்டா ப்யூரிட்டி சோதனை அதில் தானாக நடக்காது, முதல் முறை நீங்கள் கேட்டு ஓட்ட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் செக்சம் (பக்கம் சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போடும் வசதியும் 2005இல்தான் வந்தது. ஏற்றியதால் அது தானாக இயங்காது. இயக்கினாலும், அதற்குப் பிறகு எழுதப்படும் பக்கங்களுக்குத்தான் செக்சம் விழும். அதனால் இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும்.

ரிப்பேர் அலோ டேட்டா லாஸ் என்ற விருப்பத்தைப் பெயரைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். டேட்டா போனாலும் பரவாயில்லை என்று நீங்களே எழுதிக் கொடுப்பதுதான் அது. நல்ல பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்பதே வழி. சஸ்பெக்ட் என்று காட்டும் டேட்டாபேஸை டிடாச் செய்யவும் (சர்வரிலிருந்து கழற்றவும்) வேண்டாம், திரும்ப ஒட்டாமல் போகலாம்.

மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட்?

மைஎஸ்கியூஎல்லில் மைஐசாம் வகை டேபிள் என்றால் செக் டேபிள் கட்டளையை எக்ஸ்டெண்டட் விருப்பத்தோடு ஓட்டுங்கள். எஸ்கியூலைட்டில் இன்டெக்ரிட்டி செக் என்ற பிராக்மா கட்டளை. அது சரி என்று சொன்னாலும் டேபிளுக்கு டேபிள் உள்ள உறவுகளைப் பார்த்திருக்காது. அதற்கு ஃபாரின் கீ செக் தனியாக ஓட்ட வேண்டும்.

பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வருகிறது. கரப்ட்தானே?

பெரும்பாலும் இல்லை. இதை நிதானமாகப் பாருங்கள், அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைப் பல முறைகளில் தட்டினோம். டிஸ்கி இருந்தது, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் இருந்தன, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு எழுத்துரு இருந்தது. குமுளிப் பக்கம் மலையாளப் பெயர்களை ஐஎஸ்எம் எழுத்துருக்களில் தட்டியிருப்பார்கள். ஒரே டேபிளில் தமிழும் மலையாளமும் இரண்டு எழுத்துருவில் கலந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. ஒரே ஆளின் பெயர் நூறு பில்லில் வந்தால், நூறிலும் அதே கிறுக்கல் வருகிறதா? வந்தால் அது எழுத்துரு விஷயம். உண்மையான சிதைவு இடத்துக்கு இடம் மாறும். பழைய எழுத்துருவை நிறுவிப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும்.

கிறுக்கலுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறி இருந்தால்தான் பயப்பட வேண்டும். யாரோ எங்கோ மாற்றும்போது மூல எண்களே போய்விட்டன என்று பொருள். அதிலிருந்து பெயரைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அதற்கு முந்தைய படியைத் தேட வேண்டும். அதனால் யூனிகோடுக்கு மாற்றும்போது பழைய களத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய களம் சேர்த்து அதில் எழுதுங்கள்.

சோதனை எல்லாம் "சரி" என்று வந்துவிட்டது. போதுமா?

போதாது. இங்கேதான் நான் எல்லாரிடமும் வாதாடுகிறேன். மேலே சொன்ன எல்லாச் சோதனையும் பெட்டி உடையவில்லை என்றுதான் சொல்லும். பெட்டிக்குள் இருக்கிற சரக்கு சரியா என்பதைக் கணக்கு தெரிந்தவர்தான் பார்க்க முடியும். அதனால் கடையின் பழைய கணக்குப்பிள்ளையைக் கூடவே உட்காரச் சொல்வேன்.

முதலில் மார்ச் 31 இறுதி இருப்பும் ஏப்ரல் 1 தொடக்க இருப்பும். ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வருடத்தில் தேடினால் போதும், இருபது வருடத்தையும் புரட்ட வேண்டியதில்லை.

அடுத்து, எடையை விலையால் பெருக்கினால் தொகை வருகிறதா என்று எல்லா வரிசையிலும் பார்க்க வேண்டும். ஃபாக்ஸ்புரோவில் களத்துக்கு அடங்காத எண் வந்தால் முதலில் பைசா இடம் போகும், அதற்கும் அடங்காவிட்டால் வெறும் நட்சத்திரக் குறிகள் நிற்கும். ஏலக்காய் விலை மூன்று இலக்கத்தில் இருந்தபோது செய்த புரோகிராமில், விலை ஏறிய பிறகு இது நடந்திருக்கும். தொகை போயிருந்தாலும் எடையும் விலையும் இருந்தால் திரும்பக் கணக்கிட்டுவிடலாம்.

தேதியில் 1902, 1903 இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு இலக்கத்தில் வருடம் தட்டியதை 19 சேர்த்துச் சேமித்திருக்கும். 1902 என்றால் அது 2002ஆம் வருடத்துப் பில். தேதி வாரியாகப் பட்டியல் எடுக்கும்போது அது வரவே வராது.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்த்தினால் ஒரு கிலோ காய் கிடைக்கும். 200 கிலோ பச்சைக்காய்க்கு 110 கிலோ உலர்காய் என்று ஒரு வரிசை சொன்னால், அதை எந்தக் கட்டளையும் பிடிக்காது. கணக்குப்பிள்ளை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

அதே சமயம் வினோதமாகத் தெரிவதெல்லாம் பிழை அல்ல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிபட்டன. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புத்தடி ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருள் அந்த வரிசையைத்தான் முதலில் தப்பு என்று காட்டும். அது நடந்த வியாபாரம், கை வைக்காதீர்கள்.

எங்களிடம் பேக்கப் சிடி இருக்கிறதே?

நல்லது, ஆனால் அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கெட்ட ஃபைலைத் தினமும் நல்ல பேக்கப்பின் மேலேயே எழுதி, நல்லதையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு. கைவசம் இருக்கிற எல்லாப் பேக்கப்பையும் தேதி வாரியாக அடுக்கி, மேலே சொன்ன அளவுக் கணக்கை ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். எந்தத் தேதி வரை நன்றாக இருந்தது என்று தெரிந்துவிட்டால், மீதி நாட்களுக்கு மட்டும் பில் புத்தகம் போதும்.

ஏன் இப்படி ஆகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் மலையடிவாரத்தில் இடி இடிக்கும்போது கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வருடமாகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் பார்த்ததில் முக்கால்வாசி இதுதான். மீதி, நாலு கம்ப்யூட்டர் ஒரே அக்சஸ் ஃபைலை வைஃபையில் திறந்து வேலை செய்வது. எழுதும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்தால் பாதிப் பக்கம்தான் எழுதியிருக்கும்.

எத்தனை வருடக் கணக்கு வைத்திருக்க வேண்டும்?

ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதைவிட அதிகம். ஆனால் பங்காளிக் கணக்கும் தோட்டக்காரர் பாக்கியும் அந்தக் கணக்கில் அடங்காது. கூட்டு வியாபாரம் என்றால் பிரியும் வரை வைத்திருங்கள்.

திருத்தி முடித்த பிறகு பழைய கெட்ட ஃபைலை அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம். தொட்டதும் தொடாததும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கட்டும். எந்த வரிசையை, என்றைக்கு, எதைப் பார்த்துத் திருத்தினோம் என்று ஒரு தாளில் எழுதி, கணக்குப்பிள்ளை கையெழுத்தோடு அந்த டிஸ்க் பெட்டியிலேயே வையுங்கள். மூல டிஸ்க்கைக் கழற்றி, பஞ்சுப் பையில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒரு கடையில் அப்படி வைத்திருந்த டிஸ்க்கை ஆறு வருடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டி வந்தது. முதல் முறை நான் குப்பை என்று ஒதுக்கிய 40 வரிசைகளில் 31 உண்மையான பில் என்று அப்போதுதான் தெரிந்தது.